1000 வர வேண்டிய இடத்தில் 100: ஈதர்நெட் இணைவேகக் கோளாறுகளை அறிகுறி வழியே பிடிப்பது

சர்வரிலிருந்து ஒரு பெரிய கோப்பை நகலெடுக்கிறீர்கள். திரையில் விநாடிக்கு 11 மெகாபைட் என்ற எண் வந்து அப்படியே நிற்கிறது. மேலே ஏறவே மறுக்கிறது. ஸ்விட்சை, அதாவது கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் வலைப்பின்னல் பெட்டியை, குறை சொல்லும் முன் அந்த எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100 மெகாபிட் இணைப்பில் கிடைக்கக்கூடிய உச்சம் ஏறத்தாழ அதுதான். இணைப்பு 1000 மெகாபிட்டாக இருந்து வட்டும் ஈடுகொடுத்தால் 110-ஐத் தாண்டி ஓடியிருக்கும். ஆகவே உங்கள் மேசைக்கும் சர்வருக்கும் இடையே ஏதோ ஒரு கண்ணி 1000-லிருந்து 100-க்கு இறங்கி உட்கார்ந்திருக்கிறது.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கேபிள் இழுப்பதும் ரேக் (ஸ்விட்சுகளை அடுக்கும் இரும்புச் சட்டம்) கட்டுவதும்தான் என் தொழில். குறையே இல்லாத ஸ்விட்சுகளைக் கழற்றிப் போடுவதை எத்தனையோ இடங்களில் பார்த்துவிட்டேன். புதியதை மாட்டிய பிறகும் அதே 100 வரும், ஏனென்றால் குறை சுவருக்குள் இருக்கும், அல்லது மேசைக்கு அடியில் நாற்காலிச் சக்கரத்தில் மிதிபட்டுக்கொண்டிருக்கும். இணைவேகம் மனம்போன போக்கில் குறைவதில்லை. எந்த எண்ணுக்கு இறங்கியது, எந்த நேரத்தில் இறங்கியது என்ற இரண்டையும் கவனித்தால், குறை இருக்கும் இடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

கேபிளுக்குள் நடக்கும் பேச்சு

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். 1995-ல் வந்த 100 மெகாபிட் தரம் அவற்றில் இரண்டு ஜோடிகளை மட்டும் பயன்படுத்துகிறது: 1-2, 3-6. 1999-ல் வந்த 1000 மெகாபிட் தரத்துக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். நான்கிலும் ஒரே நேரத்தில் இரு திசையிலும் தகவல் ஓடும்.

கேபிளை மாட்டியவுடன் இரு முனைகளும் சிறு துடிப்புகளால் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்கின்றன. "என்னால் 10, 100, 1000 முடியும்; உன்னால்?" என்று கேட்டு, இரண்டுக்கும் பொதுவான மிக உயர்ந்த வேகத்தைத் தேர்ந்துகொள்கின்றன. ஆட்டோ நெகோஷியேஷன் என்பது இதுதான். இந்த விசாரணை முழுவதும் 1-2, 3-6 என்ற இரண்டு ஜோடிகளின் வழியாகவே நடக்கிறது. மற்ற இரண்டு ஜோடிகள் உயிரோடு இருக்கின்றனவா என்று அந்த நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை.

7-ஆம் கம்பி அறுந்திருக்கிறது என்று வையுங்கள். இரு முனைகளும் 1000 என்று ஒப்புக்கொள்ளும். பிறகு நான்கு ஜோடிகளையும் இயக்கப் பார்த்து, ஒன்று பேசாததால் தோற்றுப்போகும். சில கருவிகள் சில முறை முயன்றுவிட்டு, தாமாகவே 100-க்கு இறங்கிக்கொள்ளும். சில கருவிகளுக்கு அந்தப் புத்தி கிடையாது. லைட் எரிந்து அணைந்து எரிந்துகொண்டே இருக்கும். ஒரே அறுந்த கம்பி ஓர் இடத்தில் "வேகம் குறைவு" என்றும், இன்னோர் இடத்தில் "இணைப்பே நிற்கவில்லை" என்றும் வேடம் போடுவது இதனால்தான்.

அறிகுறி: 100-லேயே நிற்கிறது, ஆனால் நிலையாக இருக்கிறது

மிக அதிகமாக வரும் புகார் இதுதான். பெரும்பாலும் எளிதாகத் தீர்வதும் இதுதான்.

முதலில் எதிர்முனைக் கருவிக்கு 1000 தெரியுமா என்று பாருங்கள். பல கண்காணிப்புக் கேமராக்கள், பிரிண்டர்கள், வருகைப் பதிவுக் கருவிகள் ஆகியவற்றின் போர்ட்டே (கேபிள் மாட்டும் துளை) 100 வரைக்கும்தான். அவை 100 காட்டினால் அதில் குறை ஏதும் இல்லை.

அடுத்து, நடுவில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். மேசைத் தொலைபேசி வழியாகக் கணினிக்கு இணைப்பு போகிறதா? பழைய ஐபி தொலைபேசிகள் பலவற்றில் அந்த வழிப்போர்ட் 100-தான். இடி தாங்கி, இரண்டு கேபிள்களை ஒட்டும் கப்ளர், கேமராவுக்கு மின்சாரம் ஏற்றும் மலிவான இன்ஜெக்டர் எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை. அந்த இன்ஜெக்டர்களில் பல 4-5, 7-8 ஜோடிகளை மின்சாரத்துக்கென்றே எடுத்துக்கொள்கின்றன. தகவலுக்கு மிஞ்சுவது இரண்டு ஜோடி. அங்கே 1000 எப்படி வரும்?

இன்னொரு பழக்கம் நம் ஊர் அலுவலகங்களில் இருக்கிறது. ஒரே கேபிளில் நான்கு கம்பிகளை ஒரு கணினிக்கும், மிச்ச நான்கை இன்னொரு கணினிக்கும் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். 100 மெகாபிட் காலத்தில் அது வேலை செய்தது. இன்று அந்தச் சுவர்ப் பெட்டியைத் திறந்தால்தான் உண்மை தெரியும்.

இவை எதுவும் இல்லை என்றால் கேபிள்தான். இங்கே ஒழுங்கு முக்கியம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கணினிப் பக்கத்துப் பேட்ச் கார்டை, அதாவது கணினியைச் சுவர்ப் பெட்டியோடு இணைக்கும் சிறு கேபிளை, மாற்றிப் பாருங்கள். பலன் இல்லையென்றால் பழையதையே திரும்ப மாட்டிவிட்டு ரேக் பக்கத்து கார்டை மாற்றுங்கள். பிறகு ஸ்விட்சில் வேறு போர்ட்டுக்கு மாறுங்கள். மூன்றையும் ஒன்றாக மாற்றி 1000 வந்துவிட்டால், மகிழ்ச்சி வரும். எது குறை என்று தெரியாது. குறையுள்ள கார்டு மேசை இழுப்பறைக்குள் போய், ஆறு மாதம் கழித்து வேறொருவர் கழுத்தை அறுக்கும். குறையுள்ளது என்று உறுதியான கார்டை அங்கேயே இரண்டாக வெட்டிப் போடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

இரு கார்டுகளும் நல்லவை, போர்ட்டும் நல்லது என்றால் சுவருக்குள் ஓடும் கேபிளின் இரு முனைகளையும் பாருங்கள். ஒரு நூலகத்தில் வெள்ளையடித்த மறுவாரம் ஒரே ஒரு கணினி மட்டும் 100-க்கு இறங்கியது. "தம்பி, யாரும் எதையும் தொடவில்லை" என்று நூலகர் உறுதியாகச் சொன்னார். சுவர்ப் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். வண்ணம் பூசியவர் பெட்டியை முன்னால் இழுத்துப் பூசிவிட்டுத் திரும்ப அழுத்தியிருக்கிறார். ஜாக்கின் பின்பக்கம் பழுப்புக் கம்பி பள்ளத்திலிருந்து ஓர் அரிசி மணி அளவுக்கு மேலே எழும்பி நின்றது. பஞ்ச் டூலால் ஓர் அழுத்து. 1000 வந்துவிட்டது.

கிரிம்ப் செய்த, அதாவது கம்பிகளை உள்ளே செருகி அழுத்திப் பொருத்திய, கனெக்டரானால் அதன் மூக்கை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கின் நுனியில் எட்டுச் செம்புப் புள்ளிகள் வரிசையாக மின்ன வேண்டும். ஏழு மின்னி, எட்டாவது கொஞ்சம் பின்னால் மங்கலாகத் தெரிந்தால், அந்தக் கம்பி முனை வரை போய்ச் சேரவில்லை என்று பொருள். மேலிருந்து பார்த்தால் தங்கநிறத் தகடுகள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் உயர்ந்திருந்தால் அது கம்பிக்குள் சரியாக இறங்கவில்லை.

நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்ச் (உள்ளமைப்பைத் திரையில் பார்த்து மாற்றக்கூடியது) இருந்தால் ஏணியில் ஏறும் முன் கேபிள் பரிசோதனையை ஓட்டுங்கள். பல ஸ்விட்சுகள் கம்பியில் ஒரு துடிப்பை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து, எந்த ஜோடி எத்தனை மீட்டரில் அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடும். சில மீட்டர் முன்பின் இருக்கலாம். ஆனால் "மூன்றாவது ஜோடி, 2 மீட்டரில் திறந்திருக்கிறது" என்றால் குறை ரேக் பக்கம். 41 மீட்டர் என்றால் மேசைப் பக்கம். சோதனை ஓடும்போது இணைப்பு அறுபடும் என்பதால் வேலை நேரத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அறிகுறி: பிங் அழகாக வருகிறது, கோப்பு தவழ்கிறது

இதற்கு மட்டும் கொஞ்சம் பொறுமையாக இருங்கள். இதில்தான் நல்ல தொழிலாளிகளும் நாள் கணக்கில் தோற்றுப்போகிறார்கள்.

அறிகுறி தெளிவானது. பிங், அதாவது எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை, ஒரு மில்லி விநாடிக்குள் திரும்பி வருகிறது. சிறு பக்கங்கள் திறக்கின்றன. ஆனால் 300 மெகாபைட் கோப்பை நகலெடுத்தால் மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்தாலும் முடியவில்லை. போக்குவரத்து கூடக் கூட நிலைமை மோசமாகிறது.

இது பெரும்பாலும் டூப்ளெக்ஸ் பொருந்தாமை. ஒரு முனை ஃபுல் டூப்ளெக்ஸில், அதாவது பேசவும் கேட்கவும் ஒரே நேரத்தில் செய்யும் நிலையில் இருக்கிறது. மறுமுனை ஹாஃப் டூப்ளெக்ஸில், அதாவது ஒருவர் பேசும்போது மற்றவர் வாய்மூடி இருக்க வேண்டும் என்ற பழைய விதியில் இருக்கிறது. முதலாமவர் இரண்டாமவர் பேசும்போதே குறுக்கே பேசுவார். இரண்டாமவர் அதை மோதல் என்று எண்ணிப் பேச்சை நிறுத்திவிட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார். பிங் போன்ற ஒற்றைச் சொல் உரையாடலில் மோதலுக்கு வாய்ப்பு குறைவு. நீண்ட பேச்சில் அது ஓயாது.

இந்த நிலை எப்படி வருகிறது? ஒரு முனையில் யாரோ "100, ஃபுல்" என்று கையால் பூட்டியிருப்பார்கள். அப்படிப் பூட்டப்பட்ட முனை பெரும்பாலும் விசாரணையில் கலந்துகொள்ளாது. ஆட்டோவில் இருக்கும் மறுமுனை கேள்வி கேட்கும், பதில் வராது. வரும் மின்குறியின் வடிவத்தை வைத்து 100 என்று வேகத்தை அது கண்டுபிடித்துவிடும். டூப்ளெக்ஸை அப்படிக் கண்டுபிடிக்க வழியில்லை. தெரியாத நிலையில் ஹாஃப் என்றே கொள்ள வேண்டும் என்பது தரத்தின் விதி. ஸ்விட்ச் விதிப்படி சரியாகத்தான் நடக்கிறது. பூட்டியவர்தான் பாதியில் நிறுத்திவிட்டார்.

உறுதிசெய்ய ஸ்விட்சின் பிழைக் கணக்கைப் பாருங்கள். ஹாஃப் பக்கத்தில் தாமத மோதல்கள், அதாவது சட்டகத்தின் (ஒரு தகவல் பொட்டலத்தின்) முதல் 64 பைட் போன பிறகு வரும் மோதல்கள், ஏறிக்கொண்டே போகும். ஃபுல் பக்கத்தில் சிஆர்சி பிழைகளும் (சட்டகம் சிதைந்து வந்ததற்கான கணக்கு), பாதியில் வெட்டுப்பட்ட குட்டிச் சட்டகங்களும் சேரும். இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால் வேறு சாட்சி தேவையில்லை. சிஸ்கோ ஸ்விட்சில் போர்ட் நிலைப் பட்டியலை எடுத்தால் இன்னும் எளிது. வேகத்துக்கும் டூப்ளெக்ஸுக்கும் முன்னால் "ஏ-" என்ற எழுத்து இருந்தால் அது பேசி முடிவானது. எழுத்து இல்லாமல் வெறும் 100 என்று இருந்தால் யாரோ பூட்டியது.

ஓர் அச்சகத்தில் சர்வரின் நெட்வொர்க் கார்டில் (கேபிள் வந்து மாட்டும் மின்சுற்று அட்டையில்) இந்தப் பூட்டைக் கண்டேன். எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் ஒரு கெட்டுப்போன கேபிளைச் சமாளிக்க யாரோ போட்ட தற்காலிக மருந்து அது. அந்தக் கேபிளை எப்போதோ மாற்றிவிட்டார்கள். மருந்து மட்டும் தங்கிவிட்டது. ஒவ்வொரு இரவும் பக்க வடிவமைப்புக் கோப்புகளுக்காக அங்கிருந்தவர்கள் காத்துக்கிடந்திருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஆகையால் இரு முனைகளையும் ஆட்டோவில் விடுங்கள். எதிர்முனைக் கருவி மிகப் பழையதாகி ஆட்டோவே தெரியாது என்றால் மட்டும், இரு பக்கமும் ஒரே மாதிரி பூட்டி, போர்ட்டின் பெயர்க் குறிப்பில் காரணத்தையும் தேதியையும் எழுதுங்கள். 1000-ல் பூட்டுவது என்ற பேச்சே வேண்டாம். அந்த வேகத்தில் கடிகாரத் துடிப்பை எந்த முனை தருவது என்று இரண்டும் பேசி முடிவுசெய்தாக வேண்டும். பேச்சு இல்லாமல் அந்த இணைப்பே கிடையாது.

அறிகுறி: விட்டுவிட்டு விழுகிறது

ஸ்விட்சின் பதிவேட்டில் போர்ட் விழுந்த நேரங்களை ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு மூன்று நாள் எழுதினாலே ஒரு முகம் தெரிந்துவிடும்.

காலை ஒன்பது மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் என்றால் தண்ணீர் மோட்டாரையோ பெரிய ஏசியையோ போடும் நேரமா என்று கேளுங்கள். கேபிள் மின்கம்பிக் குழாய்க்குள்ளேயே ஓடுகிறதா என்றும் பாருங்கள். பகல் இரண்டு மணி வெயிலில் மட்டும் என்றால் மொட்டை மாடியில் தேடுங்கள். வீட்டுக்குள் ஓட வேண்டிய கேபிளை மாடியில் கிடத்தினால், வெயிலில் உறை வெடிக்கும். சூடு ஏற ஏறக் கம்பியில் மின்குறி தேய்வதும் கூடும். நீளம் ஏற்கெனவே 100 மீட்டர் எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தச் சின்னக் கூடுதலே போதும். முதல் மழைக்குப் பிறகு தொடங்கிய கோளாறு என்றால், வெடித்த உறைக்குள் தண்ணீர் போயிருக்கும். அந்தக் கேபிள் காய்ந்த பிறகு சரியாகிவிட்டது போலத் தெரியும். நம்பாதீர்கள், முழுதாக மாற்றுங்கள்.

நேரத்தில் எந்த ஒழுங்கும் இல்லை, ஆனால் யாரும் வேலை செய்யாத அமைதியான வேளையில்தான் விழுகிறது என்றால், மின்சேமிப்பு வசதியைச் சந்தேகியுங்கள். 2010-ல் வந்த இந்த ஏற்பாடு, தகவல் ஓடாதபோது இணைப்பை உறங்கவைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது. எல்லா நெட்வொர்க் கார்டுகளும் எல்லா ஸ்விட்சுகளோடும் இதில் ஒத்துப்போவதில்லை. கார்டின் அமைப்பில் "எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்" என்றும் சிலவற்றில் "கிரீன் ஈதர்நெட்" என்றும் இருக்கும். அதை அணைத்துவிட்டு ஒரு நாள் பாருங்கள்.

கனெக்டரின் சிறு நாக்கு உடைந்திருப்பது இன்னொன்று. மாட்டும்போது "டிக்" என்ற ஒலி வரவில்லை என்றால், விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள், கையோடு வந்துவிடும். விசிறி அதிர்ந்தாலே போதும், அது விழுவதற்கு.

மலிவுக் கேபிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சந்தையில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பிகள் கேட் 6 என்ற கேபிள் தரத்தின் பெயரோடு விற்கின்றன. தரம் கேட்பது முழுச் செம்பை. பெட்டியைத் தூக்கும்போதே எடை குறைவாகத் தெரியும். கம்பியைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளியாக மின்னும். அலுமினியத்தில் மின்தடை கூடுதல். கேபிள் வழியாகக் கேமராவுக்கு மின்சாரமும் அனுப்பினால் தூரத்தில் மின்னழுத்தம் விழும். இரண்டு முறை வளைத்தால் ஒடிந்தும்விடும். இப்படி இழுத்த கட்டடத்தில் போர்ட் போர்ட்டாகக் கோளாறு தேடுவது கண்ணீர் வரவைக்கும் வேலை. பணம் கொடுப்பவரிடம் சுரண்டிய கம்பியைக் காட்டி, உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

ஒரு துணைக் குறிப்பு. சிஸ்கோ ஸ்விட்சில் ஒரு போர்ட் 10 விநாடிக்குள் 5 முறை விழுந்து எழுந்தால், ஸ்விட்ச் அதைத் தானே மூடிவிடுவது இயல்பான அமைப்பு. போர்ட் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சுழல் தடுப்புக்கான ஸ்பேனிங் ட்ரீ பழைய முறையில் ஓடினால், ஒவ்வொரு முறை விழுந்து எழும்போதும் தகவல் ஓட 30 விநாடி ஆகும். அரை விநாடிக் கோளாறு பயனாளருக்கு அரை நிமிடமாகத் தெரிவது அதனால்தான்.

அறிகுறி: 1000 காட்டுகிறது, டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிகிறது, ஆனாலும் பிழைகள் ஏறுகின்றன

பிளவுபட்ட ஜோடி. புதிதாகக் கிரிம்ப் செய்யக் கற்றவர் கம்பிகளை நிறம் நிறமாக அடுக்கிவிடுவார்: ஆரஞ்சு இரண்டு, பச்சை இரண்டு, நீலம் இரண்டு, பழுப்பு இரண்டு. இரு முனையிலும் ஒரே மாதிரி அடுக்கியதால் சாதாரண டெஸ்டரில் 1 முதல் 8 வரை ஒழுங்காக எரியும். ஆனால் 3-6 என்ற ஜோடிக்குப் பச்சையில் ஒன்றும் நீலத்தில் ஒன்றுமாகப் போய்விட்டது. ஒன்றோடொன்று முறுக்கப்படாத இரண்டு கம்பிகள் ஜோடியாக வேலை செய்யும்போது, பக்கத்துக் கம்பியின் பேச்சு இதில் கசியும். சரியான வரிசை இதுதான்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. முனையில் முறுக்கை அவிழ்ப்பதும் 13 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

சின்னச் சின்ன அறிகுறிகள்

இரவில் பார்த்தால் போர்ட் 10 மெகாபிட் காட்டுகிறது, காலையில் 1000. கணினியை அணைத்த பிறகு நெட்வொர்க் கார்டு விழித்தெழும் கட்டளைக்காகக் குறைந்த மின்சாரத்தில் காத்திருக்கிறது. கோளாறு இல்லை.

2.5 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டு 10 ஜிகாபிட் ஸ்விட்சில் 1000 மெகாபிட்தான், அதாவது 1 ஜிகாபிட்தான், தருகிறது. 2.5, 5 ஆகிய வேகங்கள் 2016-ல் தரமாயின. அதற்கு முந்தைய 10 ஜிகாபிட் ஸ்விட்சுகள் பலவற்றுக்கு நடுவில் உள்ள அந்தப் படிகள் தெரியாது.

ஃபைபரில் ஒரு பக்கம் லைட் எரிகிறது, மறுபக்கம் இல்லை. 1 ஜிகாபிட் ஃபைபரில் ஒரு முனை ஆட்டோவிலும் மறுமுனை பூட்டியும் இருந்தால் இப்படி ஆகும், இரண்டையும் ஒன்றாக்குங்கள். அப்போதும் எரியாவிட்டால் முனையைத் துடைத்துவிட்டு, வந்துசேரும் ஒளியின் அளவை ஸ்விட்சிலேயே படியுங்கள். ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டாம்.

இடி மழைக்கு மறுநாள் சில போர்ட்கள் மட்டும் 100-ல் நிற்கின்றன. ஒரு மீட்டர் நல்ல கேபிளால் அந்த போர்ட்டை நேராக மடிக்கணினியில் மாட்டுங்கள். அப்போதும் 100 என்றால் போர்ட்டுக்குள் ஒரு ஜோடியின் சுற்று கருகியிருக்கிறது. இங்கேதான் ஸ்விட்சை மாற்றும் பேச்சு நியாயமானது. மாற்றும் வரை அந்த போர்ட்டின் மேல் நாடா ஒட்டி மூடுங்கள். வேறொருவர் நல்லது என்று நம்பி மாட்டிவிடக் கூடாது.

சரிசெய்த பிறகு

லைட் பச்சையானதும் கிளம்பிவிடாதீர்கள். எந்த நிறம் எந்த வேகம் என்பது ஸ்விட்சுக்கு ஸ்விட்ச் மாறும். எண்ணைத் திரையில் படியுங்கள். போர்ட்டின் பிழைக் கணக்கைச் சுழியாக்குங்கள். வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் நிரலை இரு முனையிலும் ஓட்டி, இரு திசையிலும் சோதியுங்கள். 1000 மெகாபிட் இணைப்பில் 940 அளவில் வர வேண்டும். ஒரு திசையில் 940, மறு திசையில் 300 என்றால் வேலை முடியவில்லை. ஓடும்போதே கேபிளின் இரு முனைகளையும் லேசாக அசைத்துப் பாருங்கள்.

மறுநாள் அதே நேரத்துக்கு அந்தப் பிழைக் கணக்கைத் திரும்பப் படிக்கிறேன். சுழியாகவே நின்றால் மட்டும் கேபிளின் இரு முனையிலும் பெயர்ச்சீட்டு ஒட்டிவிட்டு ரேக்கைப் பூட்டுகிறேன்.